சாரம்மாளும் சக்கரப்பூச்சியும்

மருந்து கலக்கும் தகட்டுக் கத்தியின் முனையால் மதில்மேல் காய்ந்து கிடக்கும் பாசியைச் சுரண்டுகிறாள் சாரம்மாள். ஒரு விரற்கடை அளவு போதும். உள்ளங்கையில் வைத்து ஒருதரம் ஊதினால் மண் பறந்துவிடும். மிஞ்சியதைப் பீங்கான் கிண்ணத்தில் இட்டு, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கொஞ்சம் விட்டு மூடிவைக்கிறாள். மணி ஆறரை. மருந்துச்சாலைக்கு முதல் நோயாளி வர எட்டாகும். அதற்குள் பாசி ஊறி, பாசிக்குள் உறங்குபவை விழித்தாக வேண்டும்.

அவை விழிக்கிற வரைக்கும் வேறு வேலை இருக்கிறது. கட்டுத்துணிகளை வெந்நீரில் அலசிப் பிழிகிறாள். கம்பவுண்டர் ஞானையாவின் மேசையைத் துடைக்கிறாள். கடைசியில் கிழக்கு ஜன்னலைத் திறந்து, அதனடியில் துணி போர்த்தி நிற்கும் பித்தளைக் குழலை வெளியே எடுக்கிறாள். மருதவிளாகத்து ஜனங்கள் அதைப் பூதக்கண்ணாடி என்பார்கள். முன்பு இந்த மருந்துச்சாலையை நடத்திய வெள்ளைக்கார டாக்டரம்மாள், 1907ஆம் வருஷம் காய்ச்சலில் உடம்பு கரைந்து சீமைக்குத் திரும்பியபோது விட்டுப்போனது. அதில் பார்க்கவும், பார்த்ததைத் தப்பில்லாமல் சொல்லவும் சாரம்மாளைப் பழக்கியதும் அந்த அம்மாள்தான்.

சாரம்மாளுக்கு நாற்பத்து நாலு வயது. பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரி. நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலை, வளையல் இல்லாத கை. புருஷன் கொழும்புத் தோட்டத்துக்குப் போய் இருபது வருஷம் ஆகிறது; போனதைப் பற்றியும் வராததைப் பற்றியும் அவள் பேசமாட்டாள். வருஷக்கணக்காக ஒற்றைக் கண்ணால் குழலுக்குள் பார்த்துப் பார்த்து, இடது கண்ணைப் பாதி மூடிக்கொள்வது பழக்கமாகிவிட்டது. பிரசவம் பார்க்கும்போதும், புண்ணுக்கு மருந்து வைக்கும்போதும் அந்தக் கண் பாதி மூடியே இருக்கும். "நர்சம்மா கண்ணடிக்காவ" என்று பிள்ளைகள் சிரிக்கும்.

கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டை ஏந்திக் குழலுக்கடியில் வைத்தால் முதலில் தெரிவது பச்சைச் சிதறல்தான். பிறகு அதற்கு நடுவே கடுகைவிட எத்தனையோ மடங்கு சிறிய உருண்டைகள். அவை வெயிலில் வற்றி, தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு சுருண்டு போனவை. தொட்டால் தூசி. மாதக்கணக்காக, சிலது வருஷக்கணக்காக அப்படிக் கிடக்கும். தண்ணீர் பட்டு அரைமணி, ஒருமணி ஆனதும் ஓர் உருண்டை மெல்ல நீள்கிறது. ஒன்றுக்குள் ஒன்று செருகிய குழாய்போல உடம்பு வெளியே வருகிறது. கால்நுனியை ஊன்றிக்கொண்டு, அட்டை நகர்வதுபோல வளைந்து நிமிர்ந்து நடக்கிறது. பிறகு ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு தலையைத் திறக்கிறது. திறந்த தலையில் இரண்டு சக்கரங்கள் சுழல்கின்றன.

"சக்கரம் சுத்தல்ல. அப்படித் தெரியுது" என்பாள் சாரம்மாள், கேட்பவர்கள் யாராக இருந்தாலும். "நெல்லுப் பயிரு காத்துல ஒண்ணு குனிய, அடுத்தது குனிய, அலை ஓடுத மாதிரி இருக்கும்லா? அதுமாதிரி மயிரு ஒவ்வொண்ணா குனிஞ்சு நிமிருது. தண்ணி சுழிச்சு உள்ள போகுது. சுழிப்போட சேந்து இரையும் போகுது." உடம்பு கண்ணாடிபோல இருப்பதால் விழுங்கியதை அரைக்கும் தாடை உள்ளே ஓயாமல் அசைவதும் தெரியும். டாக்டரம்மாள் இதற்கு ஏதோ சீமைப் பெயர் சொல்லியிருந்தாள். சாரம்மாள் சக்கரப்பூச்சி என்று வைத்துக்கொண்டாள்.

"இந்தச் சாதியில ஆம்பள கெடையாது. எந்த ஊர்லயும் ஒருத்தரும் பாத்ததில்லயாம். எல்லாம் பொம்பளைக. தாயி, மவ, பேத்தி எல்லாம் அதுகளேதான்" என்றும் சொல்வாள். ஞானையா இதைக் கேட்டுச் சிரிப்பார். அவள் சிரிப்பதில்லை.

1912ஆம் வருஷத்து ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்துக்குப் போன கூட்டம் திரும்பியபோது வாந்திபேதியும் கூடவே வந்தது. மருதவிளாகத்து வயலுக்கெல்லாம் தண்ணீர் தரும் வாய்க்கால், ஊருக்கு மேற்கே அரைமைலில் சாலையை ஒட்டி வருகிறது. அங்கே அந்தக் கூட்டத்தின் வண்டிகள் இரண்டு நாள் அவிழ்த்துக் கிடந்தன. மூன்றாம் நாள், வாய்க்கால்கரைக் குடிசையில் இருந்த பூதத்தான் என்ற வயல்வேலைக்காரன் காலையில் வரப்பில் உட்கார்ந்தவன், மாலைக்குள் கட்டையாகிவிட்டான். மறுநாள் அவன் பெண்சாதி செல்லக்கிளி.

தகவல் கேட்டு சானிட்டரி இன்ஸ்பெக்டர் சிவசண்முகம் வந்து இறங்கினார். கங்கைகொண்டான்காரர். ஒல்லியான மனிதர். பதினைந்து நாளாகச் சரியாகத் தூங்காத முகம். கையில் ஒரு டப்பா நிறையக் கத்தரிப்பூ நிற மருந்து. அதைக் கிணற்றில் கரைத்தால் பேதிக்கிருமி சாகும் என்பது சர்க்கார் உத்தரவு. வேளாளர் தெருவுக்கெல்லாம் ஒரே குடிநீர்க் கிணறு. சுற்றுச்சுவரின் உட்பக்கம் முழுக்கப் பாசி படர்ந்த பழைய கிணறு. கோவில் அபிஷேகத்துக்கும் அதே தண்ணீர்தான்.

தெருவுக்குப் பெரியவர் அம்பலவாணன் பிள்ளை மறுத்துவிட்டார்.

"சாமிக்கு ஊத்துத தண்ணியில நீரு சாயத்தக் கலக்குவீரு, நாங்க பாத்துக்கிட்டு இருக்கணுமா வே? எங்க கிணத்துத் தண்ணியில ஒரு கொறையும் இல்ல. சாவு குடிசையிலதானே இருக்கு. அங்கன போயிப் பாரும்."

மேலே பேச இடமில்லை. சிவசண்முகம் மருந்துச்சாலைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். சாரம்மாள் கொடுத்த சுக்குத்தண்ணீரைக் குடித்துக்கொண்டே ஜன்னலடியில் இருந்த குழலைப் பார்த்தார். கண்ணை வைத்தார். அன்றைக்குச் சில்லில் இருந்தது மதில்பாசியில் விழித்த ஒன்று. சக்கரங்களைத் திறந்துகொண்டு நின்றது. அவர் வெகுநேரம் தலை நிமிரவில்லை.

"இது கிணத்திலயும் இருக்குமா?"

"வேற சாதி இருக்கும். இதவிடப் பெரிசு."

"அதக் காட்டுங்க சாரம்மா. இதுதான் பேதின்னு சொல்லுங்க. அடுத்த நிமிஷம் மருந்து போட விட்டுருவாங்க."

"ஐயா, இது அது இல்ல. இது ஒண்ணுஞ் செய்யாது. பேதிக் கிருமி இதுக்கு வாயில போற இரை அளவுகூட இருக்காது. இந்தக் குழலுக்கு அது தெரியாது."

"எது எதுன்னு அவங்களுக்குத் தெரியவா போகுது?" சிவசண்முகம் டம்ளரைக் கீழே வைத்தார். குரல் உயரவில்லை. "இதுவரைக்கும் ஏழு ஊரு பாத்துட்டேன். ஏழு ஊர்லயும் கெஞ்சினேன். ஒரு ஊர்ல ஒரே வீட்டுல அஞ்சு பேரு. நான் போயிக் கதவத் தெறந்தேன். பொய்யோ நெசமோ, மருந்து உள்ள விழுந்தாப் போதும் எனக்கு."

செல்லக்கிளியின் கண்ணை மூடிவிட்டு வந்த கை சாரம்மாளுடையது. குழலை எடுத்துத் துணியில் சுற்றினாள்.

அம்பலவாணன் பிள்ளை வீட்டு முற்றத்தில், காலை வெயிலில், ஒரு முக்காலியின் மேல் குழல் நின்றது. கிணற்றுத் தண்ணீரை வேலைக்காரன் உயரத்திலிருந்து அவள் சீசாவுக்குள் ஊற்றினான். சுவரோரத்துப் பாசியையும் கொஞ்சம் சேர்த்தே எடுத்துத் தந்தான். அவள் தொட்ட குழலில் பிள்ளை கண் வைக்கவில்லை. வாலிபர்கள் வைத்தார்கள். ஒவ்வொருவனும் பின்வாங்கி வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டான்.

கதவோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் பிள்ளையின் மருமகள் ஞானம்பாள். ஆழ்வார்குறிச்சிப் பெண். ஏழு மாதம். வாயும் வயிறுமாக இருந்தவளுக்கு இரண்டு மாதமாக சாரம்மாள்தான் வந்து பார்த்துப் போகிறாள்.

"மாமா, நானும் பாக்கட்டுமா?"

மருமகள் எதைக் கேட்டும் பிள்ளைக்கு மறுத்துப் பழக்கமில்லை. தலையசைத்தார். ஞானம்பாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தாள். மற்றவர்களைப்போல அவள் பின்வாங்கவில்லை.

"சாரம்மா, இதுக்க வயித்துக்குள்ள இன்னொண்ணு அசையுதே."

"அது புள்ள."

"உள்ளார இருந்துக்கிட்டே வாய மெல்லுதே."

"இந்தச் சாதிக்கு முட்டை வெளிய கெடையாது. புள்ளையாத்தான் பெறும்."

ஞானம்பாள் மறுபடி குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது சாரம்மாளை நேராகப் பார்த்துக் கேட்டாள். "இதா நம்மளக் கொல்லுது?"

முற்றத்தில் அத்தனை பேரும் சாரம்மாள் வாயைப் பார்த்தார்கள். சிவசண்முகம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆமா" என்றாள் சாரம்மாள்.

பொய் வேலை செய்தது. சிவசண்முகம் நினைத்தபடி அல்ல. இத்தனை கோரமான பூச்சி குடியிருக்கும் கிணற்றில் மருந்து போட்டால் பூச்சி செத்து அதிலேயே மிதக்காதா, அதையா குடிப்பது என்றார் பிள்ளை. கிணறே வேண்டாம் என்று முடிவாயிற்று. ஒரு வண்டி உடைமுள்ளை வெட்டி வந்து கிணற்றின் வாயில் போட்டு மூடினார்கள். அன்று மத்தியானமே தெருப்பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனார்கள். அது பளிங்குபோல ஓடுகிற ஆற்றுத் தண்ணீர். அதில் ஒரு சொட்டைக் கொண்டுவரச் சொல்லி வாலிபர்கள் குழலில் பார்த்தார்கள். ஒன்றுமில்லை.

"ஒண்ணுந் தெரியலன்னா ஒண்ணும் இல்லன்னு அர்த்தமில்ல" என்றாள் சாரம்மாள். "காய்ச்சித்தான் குடிக்கணும்." அவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. கண்ணால் கண்டாயிற்று.

"மருந்து போடலன்னாலும் கிணத்த மூடியாச்சு. அதுவும் நல்லதுக்குத்தான்" என்று சொல்லி, மருந்து டப்பாவில் பாதியை ஞானையாவிடம் கொடுத்துவிட்டு, சிவசண்முகம் அடுத்த ஊருக்கு வண்டியேறினார். வாய்க்காலைப் பற்றி அவரிடம் சொல்லவேண்டும் என்று சாரம்மாளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. அவளுக்கு அப்போது அது சந்தேகமாகத்தான் இருந்தது. சந்தேகத்தைச் சொல்லும் தைரியம், அந்த ஒரு 'ஆமா'வோடு போய்விட்டிருந்தது.

கிணற்றை மூடிய நான்காம் நாள் தெருவில் மூன்று வீட்டில் படுத்தார்கள். ஐந்தாம் நாள் ஆறு வீடு. சாரம்மாள் உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீரைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு வீடுவீடாக ஓடினாள். நடுவே ஒரு மத்தியானம், வெயிலோடு வெயிலாக வாய்க்கால் கரையோடு மேற்கே நடந்தாள். வண்டிகள் அவிழ்த்த இடத்தில் கிழிந்த துணியும் சாம்பலும் கிடந்தன. கரை முழுக்க அசிங்கம். அதற்குக் கீழே குடிசைப் படித்துறையில் செத்தவர்கள் படுத்த பாயை ஒருத்தி அலசிக்கொண்டிருந்தாள். அந்தத் தண்ணீர் வளைந்து, மருத மரங்களுக்கடியில் தெளிந்து, வேளாளர் தெருவின் குடங்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

திரும்பி வந்தபோது ஞானம்பாள் படுத்திருந்தாள்.

விரல்நுனி சுருங்கிப்போய், கன்னம் ஒட்டி, இரண்டு மணி நேரத்தில் வேறு ஆளாக இருந்தாள். மறுநாள் விடியுமுன் வயிற்றுப் பிள்ளை செத்துப் பிறந்தது. அதன்பின் அவளுக்குத் தாகம் மட்டுமே மிஞ்சியிருந்தது. கொடுத்தது தங்கவில்லை. ஒரு தடவை சாரம்மாளின் முழங்கையைப் பிடித்து, "வாய்க்கா தண்ணி வேண்டாம் சாரம்மா. நம்ம கிணத்துத் தண்ணி ஒரு வாயி கெடைக்குமா?" என்று கேட்டாள். சாரம்மாள் காய்ச்சின தண்ணீரைப் பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தாள். பத்து மணிக்கு அந்தக் கை தளர்ந்தது.

ஆற்றங்கரையில் ஞானம்பாளுக்குக் காரியம் முடிந்து ஈரவேட்டியோடு பிள்ளை தெருவுக்குள் வந்தபோது, முள் போட்ட கிணற்றுக்குப் பக்கத்தில் சாரம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அவள் மற்ற நேரம் நிற்கும் தூரத்தைவிடக் கிட்டத்தில் நின்றாள்.

"ஐயா, நான் அன்னைக்குச் சொன்னது பொய்யி."

பிள்ளை நின்றார். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள்.

"அந்தப் பூச்சி ஒண்ணுஞ் செய்யாது. எனக்கு அன்னைக்கே தெரியும். மருந்து போட விடுவியன்னு நெனச்சுச் சொன்னேன். பேதி வாய்க்கால்ல வருது. நான் நடந்துபோயிப் பாத்துட்டு வந்தேன்."

"அப்ப கிணத்துல பேதி இல்லங்கியா?"

"அதுவும் எனக்குத் தெரியாது. என் குழலுக்கு அது தெரியாது. தெரியாததச் சொல்ல மாட்டேன். முள்ள எடுத்துப்போட்டு, மருந்தக் கரைச்சு, காய்ச்சிக் குடிச்சா நிக்கும். வாய்க்காத் தண்ணிய நிறுத்தணும், இன்னைக்கே."

பிள்ளை முள்ளைக் காட்டிக் கேட்டார். "நீ சொன்னேன்னு முள்ளப் போட்டோம். இப்ப நீ சொல்லுதேன்னு முள்ள எடுக்கணுமா? ரெண்டுல எத நான் நம்ப?"

சாரம்மாள் சேலைத்தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, வெறுங்கையால் முள்ளைப் பிடித்து இழுத்தாள். அந்தக் கிணற்றை அவள் தொடக்கூடாது என்பது அவளுக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும். ஒருவரும் தடுக்கவில்லை. நாலு கிளை வந்ததும் கை கிழிந்து ரத்தம் கசிந்தது. விலகி நின்று, வேலைக்காரனைப் பார்த்து, "ஒரு தோண்டி எறைச்சு ஊத்துங்க" என்றாள்.

வேலைக்காரன் பிள்ளையைப் பார்த்தான். பிள்ளை தாமே போய்க் கயிற்றைப் பிடித்தார். அவர் கை கயிறு பிடித்துப் பழக்கமில்லாத கை. தோண்டி சுவரில் இடித்து இடித்து மேலே வந்தது. அவர் சரித்து ஊற்ற, சாரம்மாள் குனிந்து இரண்டு கையையும் ஏந்திக் குடித்தாள். பச்சையாக, காய்ச்சாமல், பாசி மணத்தோடு. அதில் என்ன இருந்தாலும் இருக்கட்டும் என்று வயிறு நிறையக் குடித்தாள்.

"ரெண்டு நாள் பாப்போம், ஒனக்கு என்ன ஆகுதுன்னு" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

"ரெண்டு நாள்ல ரெண்டு வீடு போயிரும்லே" என்றார் பிள்ளை, திரும்பாமல். "ஞானையாவக் கூப்பிடு. மருந்தக் கொண்டாரச் சொல்லு."

கிணற்றுத் தண்ணீர் அன்று மாலைவரை கத்தரிப்பூ நிறத்தில் கிடந்தது. மறுநாள் தெளிந்தது. தெருவில் அதற்குப் பிறகும் இரண்டு சாவு விழுந்தது. அவர்கள் முன்பே படுத்தவர்கள். ஒருவாரத்தில் நின்றது. சாரம்மாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பத்தாம் நாள் ஒரு சீசா கிணற்றுத் தண்ணீர் கேட்டு வாங்கிக்கொண்டு போய்க் குழலில் வைத்துப் பார்த்தாள். சக்கரப்பூச்சிகள் சக்கரத்தை உள்ளே இழுத்தபடியே செத்துக் கிடந்தன. வெயிலில் வற்றினால் பிழைக்கும். மருந்துக்குப் பிழைக்காது. ஒரு வயிற்றுக்குள் குட்டியும் அசையாமல் இருந்தது. சில்லைக் கழுவுவதற்கு அன்று அவளுக்கு அவசரம் இல்லை.

அந்த வருஷத்திலிருந்து ஒரு வழக்கம். குழலில் பார்க்க யார் வந்தாலும், கண் வைக்குமுன் கையால் மறைத்துக்கொண்டு, "இது ஒண்ணுஞ் செய்யாது. ஒரு தடவ செய்யும்னு பொய் சொல்லியிருக்கேன். தெரிஞ்சுக்கிட்டுப் பாருங்க" என்பாள். சிலர் அந்தப் பேச்சிலேயே பயந்து பார்க்காமல் போய்விடுவார்கள். தெருவில் இரண்டு வீட்டில் அவளைப் பிரசவத்துக்கு இன்னும் கூப்பிடுவதில்லை. பிள்ளை வீட்டுப் பக்கம் அவள் தானாகவே போவதில்லை. தெருமுனையில் எதிர்ப்பட்டால் இருவருமே சற்று நிற்பார்கள். பேச்சு இராது.

புரட்டாசியில் சிவசண்முகம் மறுபடி வந்தார். மேலதிகாரிக்கு அனுப்பும் அறிக்கை கையில் இருந்தது. தமிழில் எழுதியது, பின்னால் இங்கிலீஷில் பெயர்த்து அனுப்புவார்களாம். கீழே சாரம்மாள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"ஒங்களப் பத்தி நல்லா எழுதியிருக்கேன்" என்றார். "டவுன் ஆஸ்பத்திரியில ஒங்களக் கேட்டு வாங்கினாலும் ஆச்சரியமில்ல."

அவள் வாசித்தாள். வேளாளர் தெருக் கிணற்று நீரே நோய்க்குக் காரணம் என்பதைத் தாதி சாரம்மாள் பூதக்கண்ணாடியால் கண்டறிந்தாள் என்றும், அவள் முயற்சியால் கிணறு உடனே மூடப்பட்டது என்றும், அதன்பின் நோய் தணிந்தது என்றும் இருந்தது. முதலிலிருந்து மறுபடி ஒருதரம் வாசித்துவிட்டு, ஞானையா மேசையிலிருந்து மைக்கூட்டையும் கட்டைப்பேனாவையும் எடுத்து வந்தாள். அந்த மூன்று வரிகளையும் ஒரே கோட்டில் அடித்தாள்.

"சாரம்மா."

"காரணம் வாய்க்கால்" என்று சொல்லிக்கொண்டே எழுதினாள். "கிணத்தப் பத்தி நான் சொன்னது பொய்யி. கிணத்த மூடுனதால தெருச்சனம் வாய்க்காத் தண்ணி குடிச்சுச்சு."

"இது ஆபீஸ்ல நிக்கும். நாளைக்கு ஒங்க வேலைக்கே கேடா வரும்."

"தெரியும்யா."

"நான்தான் சொல்லச் சொன்னேன்னு..." சிவசண்முகம் நிறுத்தினார்.

"ஒங்க பேர நான் எழுதல்ல. வாயத் தெறந்தது நான்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சாரம்மாள் கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதினாள். அவர் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். அவள் இன்னும் கொடுக்கவில்லை. தாளின் கடைசியில் இருந்த கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறந்தோர்: ஆண் எட்டு, பெண் பன்னிரண்டு என்று இருந்தது. பேனாவை மறுபடி மையில் தோய்த்து, இடம் போதாமல் கட்டத்துக்கு வெளியே, சின்ன எழுத்தில், "வயிற்றுப் பிள்ளை ஒன்று" என்று சேர்த்து, மை காய்கிற வரைக்கும் காத்திருந்து, தாளை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.